எவர்சில்வர் எலிய எந்த வாசல் வழியா உள்ள விடுறது

அக்கா பையன் காலேஜ் லீவுக்கு வந்திருந்தான், வந்த ரெண்டாவது நாளே என் அலமாரிய கொடைஞ்சுட்டு ஒரு பழைய பாக்கெட் சைஸ் புக்க கையில வச்சுக்கிட்டு, மாமா இது என்ன, அட்டையில ஒருத்தன் துப்பாக்கியும் கையுமா சிரிச்சுட்டு நிக்கிறான், திருடனா போலீஸான்னு கேட்டான். ரெண்டும்தான்டா மருமவனேன்னு சொன்னேன். அப்படி ஆரம்பிச்ச பேச்சு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் போச்சு, ஏன்னா அவன் கேட்ட அடுத்த கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியல. இந்த சீரிஸ்ல பதினொரு நாவல் இருக்கே, நான் எதுல இருந்து ஆரம்பிக்கணும்?

அமெரிக்க சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுத்தாளர் ஹாரி ஹாரிசன் எழுதின ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரேட் சீரிஸ பத்திதான் சொல்றேன். நம்ம வீட்டு பாஷைல சொன்னா எவர்சில்வர் எலி. ஹீரோ பேரு ஜேம்ஸ் பொலிவார் டிகிரிஸ், சுருக்கமா ஜிம், கூட ஒரு பட்டப்பேரும் உண்டு, எங்க பிடிச்சாலும் கையில இருந்து வழுக்கிட்டு போயிடுற ஆளுங்கிற அர்த்தத்துல. பல ஆயிரம் வருஷம் கழிச்சு நடக்குற கதை, மனுஷன் நூத்துக்கணக்கான கிரகத்துல குடியேறிட்டான், சின்ன வயசுலயே மனச சரிபண்ணி விட்டுடுறதால குத்தம்ங்கிறதே கிட்டத்தட்ட இல்லாம போச்சு, எல்லாரும் ஒழுங்கா வேலைக்கு போயிட்டு ஒழுங்கா வரி கட்டிட்டு தூங்குறாங்க. அந்த உலகத்துல ஒருத்தன் திருடனா இருக்கணும்னா எவ்வளவு கெட்டிக்காரனா இருக்கணும்? பழைய காலத்து மர வீட்ல எலிக்கு கொண்டாட்டம், ஓட்டை கிடைக்காத இடமே இல்ல. காங்கிரீட் வீடு வந்ததும் எலி கம்மியாச்சு, இருக்குற எலி கூடுதல் சாமர்த்தியமா இருக்க வேண்டியதாச்சு. சமூகமே கான்கிரீட்டும் எவர்சில்வருமா ஆயிட்டா அதுல வாழ்ற எலியும் எவர்சில்வர்ல தான் இருந்தாகணும்னு ஜிம் தன்னப்பத்தி சொல்லிக்கிற விளக்கம் இது. எனக்கு இந்த ஒரு உவமைக்காகவே அந்த மனுஷன ரொம்ப பிடிக்கும்.

இப்ப சிக்கல் எங்க வருதுன்னா, இந்த பதினொரு நாவலும் கதை நடக்குற வரிசைல வெளிவரல. முதல் நாவல் 1961ல வந்துச்சு, அதுல ஜிம் ஏற்கனவே முழு ஆளு, தொழில்ல கரை கண்டவன். அப்புறம் 1970, 1972, 1978, 1982னு நாலு வந்து, அவனுக்கு கல்யாணம் ஆகி, ரெட்டைப் புள்ளைங்க பொறந்து வளந்து ஆளாகி, அப்புறமா 1985ல தான் ஹாரிசன் திரும்பி போயி ஜிம் பதினேழு வயசு பையனா இருந்த கதைய எழுதுறாரு. அதோட தொடர்ச்சி 1987லயும் 1994லயும் வருது. பின்னாடி மறுபடி வயசான ஜிம்முக்கு தாவி இன்னும் மூணு நாவல், கடைசி 2010ல. ஹாரிசன் 2012 ஆகஸ்ட்ல காலமானாரு, அதனால வரிசை அங்க முடிஞ்சுது.

ஆக புதுசா வர்ற ஆளுக்கு முன்னாடி ரெண்டு பெரிய வாசல். ஒண்ணு 1961 வாசல். இன்னொண்ணு 1985 வாசல், அதாவது ஜிம் பொறந்த ஊர்ல இருந்து வயசு வரிசைப்படி போறது. கடைக்காரங்களும் இந்த ரெண்டையும் தனித்தனி தொகுப்பாவே போட்டிருக்காங்க, முதல் மூணு நாவல் சேர்ந்த ஒரு குண்டு புக்கு, அவனோட இளவயசு மூணு நாவல் சேர்ந்த இன்னொரு குண்டு புக்கு, அதனால காசு குடுத்து வாங்குறவனுக்கும் இது நிஜமாவே ஒரு முடிவு தான். சின்னதா ரெண்டு சந்து வழியும் இருக்கு, அத அப்புறம் சொல்றேன்.

மருமவன் உடனே சொன்னது, மாமா இதுல என்ன யோசிக்க, சின்ன வயசு கதைல இருந்து தான ஆரம்பிக்கணும், எல்லா வெப் சீரிஸும் அப்படித்தான பாக்குறோம்னான். கேக்க நியாயமா தான் இருக்கு. நானும் அப்படித்தான் உள்ள போனேன், பழைய புக் கடைல 1985 புக்கு தான் முதல்ல மாட்டுச்சு. அதனால அந்த வாசலோட நல்லதும் தெரியும், அது எத பறிச்சுக்குதுன்னும் தெரியும்.

முதல்ல நல்லத சொல்லிடறேன், ஏன்னா அந்த நாவல் உண்மையிலயே அருமையான நாவல். பிட் ஓ ஹெவன்னு ஒரு விவசாய கிரகம், அங்க வளக்குற பிராணி பேரு பார்க்யூஸ்வைன், பன்னியையும் முள்ளம்பன்னியையும் கலந்து பண்ணினது. ஜிம்மோட குடும்பம் அத வளக்குற குடும்பம். இவனுக்கு அந்த வாழ்க்கை வேணாம், பெரிய திருடனாகணும். ஆனா கத்துக்குடுக்க ஆள் வேணும்ல? பெரிய திருடனுங்க எங்க இருப்பாங்க, ஜெயில்ல. அதனால வேணும்னே பேங்க்ல திருடி மாட்டி ஜெயிலுக்குள்ள போறான். உள்ள போனா தான் தெரியுது, ஜெயில்ல இருக்குறவன் எல்லாம் தொழில் தெரியாம மாட்டினவன், தொழில் தெரிஞ்சவன் ஒருத்தனும் ஜெயில்ல இல்ல. இந்த இடத்த படிச்சப்ப புக்க மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் சிரிச்சேன். எவ்வளவு சரியான லாஜிக், எவ்வளவு தப்பான முடிவு, அதுவும் பதினேழு வயசு பையனுக்கு தான் அப்படி தோணும்.

அப்புறம் அவன் தப்பிச்சு வந்து பிஷப்னு ஒரு பழைய ஜாம்பவான தேடிப் பிடிக்கிறான், செஸ்ல வர்ற பிஷப் காய தன் அடையாளமா விட்டுட்டு போன திருடன். ஆளு எங்க ஒளிஞ்சிருக்காரு தெரியுமா, மனுஷனே இல்லாம மிஷினே சமைச்சு மிஷினே பரிமாறுற ஒரு பர்கர் கடை செயின் இருக்கு, அந்த கடைக்கு உள்ளயே யாருக்கும் தெரியாத ஒரு ரூம்ல. சாப்பாட்டுக்கும் கவலை இல்ல, வாடகையும் இல்ல. அந்த கிழவருக்கும் இந்த பையனுக்கும் நடுவுல வர்ற பாசம் தான் புக்கோட உயிரு. திருட்டுன்னா என்ன, யார்கிட்ட எடுக்கலாம் யார்கிட்ட எடுக்கக்கூடாது, ஏன் கொல்லவே கூடாதுங்கிறதெல்லாம் அவர்கிட்ட தான் கத்துக்கிறான்.

இவ்வளவு நல்லா இருக்குன்னா அங்கயே ஆரம்பிச்சா என்னன்னு கேப்பீங்க. அங்க தான் என் வாதமே இருக்கு. ஜிம் யாருன்னு தெரியாம நீங்க உள்ள போறது தான் இந்த கதையோட பாதி ருசி. 1961 நாவல் எப்படி ஆரம்பிக்குதுன்னு சொல்றேன். ஜிம் தன் ஆபீஸ்ல உக்காந்திருக்கான், போலீஸ்காரர் ஒருத்தர் உள்ள வந்து அவன்மேல இருக்குற குத்தப்பட்டியல வாசிக்க ஆரம்பிக்கிறாரு, ஜிம் சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டு ஒரு பட்டன தட்டுறான், கூரைல இருந்து மூணு டன் எடையுள்ள இரும்புப் பெட்டி அந்த ஆள் தலைமேல விழுது. நமக்கு தூக்கிவாரிப் போடுது, என்னடா இவன் ஹீரோவா கொலைகாரனான்னு. புழுதி அடங்குது, பெட்டிக்கு அடியில இருந்து அதே குரல், அதே தொனி, பட்டியல் விட்ட இடத்துல இருந்து தொடருது, கூடவே போலீஸ் ரோபோவ தாக்கினதுன்னு ஒரு குத்தமும் சேருது. ரோபோங்கிறது ஜிம்முக்கு முன்னாடியே தெரியும், நமக்குத்தான் தெரியாது.

இத மருமவனுக்கு நான் வாசிச்சு காமிச்சேன், பெட்டி விழுந்த இடத்துல நிறுத்தினேன், அவன் மூஞ்சிய பாத்தேன், அப்புறம் அடுத்த வரி. டேபிள தட்டி சிரிச்சான். இப்ப யோசிச்சுப் பாருங்க, 1985 புக்க முதல்ல படிச்ச ஆளுக்கு ஜிம் கொல்ல மாட்டான்னு நல்லாவே தெரியும், கிழவர் சொல்லிக் குடுத்தத பக்கம் பக்கமா படிச்சிருக்கான், அதனால பெட்டி விழும்போது அவனுக்கு தூக்கிவாரிப் போடாது. எனக்கு அதுதான் ஆச்சு. பெட்டி விழுந்துச்சு, ஓ இது ரோபோவா இருக்கும்னு மனசு முந்திக்கிச்சு. ஒரே ஒரு தடவ தான் ஒரு மனுஷனுக்கு அந்த அதிர்ச்சி கிடைக்கும், எனக்கு அது கிடைக்கல, அந்த வருத்தம் இன்னைக்கும் இருக்கு.

இது ஒரு சீன் விஷயம் மட்டும் இல்ல. 1961 நாவல் முழுக்க ஓடுற கேள்வி, இவன் எந்த பக்கம் நிக்கிறான் அப்படிங்கிறது. ஆரம்பத்துல தன்ன மட்டுமே பாத்துக்குற ஆளு, நான் திருடுறதால யாருக்கு நஷ்டம், இன்சூரன்ஸ் குடுத்துடும், போலீஸுக்கும் பொழுது போகும், ஜனங்களுக்கும் நியூஸ் கிடைக்கும்னு பேசுற வாய்ச்சாலக்காரன். அப்புறம் ஸ்பெஷல் கார்ப்ஸ்னு ஒரு ரகசிய அமைப்பு அவன வளைச்சுப் பிடிக்குது, அதோட தலைவர் இன்ஸ்கிப் தான் ஒரு காலத்துல யாராலயும் பிடிக்கவே முடியாத திருடன்னு பேரெடுத்தவரு, திருடன பிடிக்க திருடன் தான் லாயக்குன்னு அந்த இலாகாவையே அப்படி அமைச்சிருக்காங்க. ஒரு கிரகத்துல சரக்குக் கப்பல்னு சொல்லிட்டு பிரம்மாண்டமான போர்க்கப்பல் கட்டுறாங்கன்னு ஜிம் பழைய பிளான வச்சு மோப்பம் பிடிக்கிறான், அத துரத்திப் போனா தான் ஏஞ்சலினா வர்றா.

ஏஞ்சலினாவ பத்தி கொஞ்சம் நின்னு பேசணும். அவளும் கெட்டிக்காரி, அவளும் சட்டத்துக்கு வெளிய நிக்கிறவ, ஜிம் மாதிரியே தனி ஆளு, ஆனா அவ கொல்லுவா, தயங்காம சிரிச்சுட்டே கொல்லுவா. தன்னோட கோணல் கண்ணாடியில தன் மூஞ்சிய பாக்குற மாதிரி ஜிம்முக்கு. அவள பிடிக்கணும்னு ஒரு வெறி, அவ மேல காதலும் கூடவே வந்துடுது, கார்ப்ஸ கூட உதறிட்டு தனியா துரத்துறான். திருட்டுக்கும் கொலைக்கும் நடுவுல தான் போட்ட கோடு நிஜமான கோடு தானான்னு அவன் முதல் தடவ தனக்குள்ள பாக்குற இடம் இது. அந்த கோடு யார் சொல்லிக் குடுத்தாங்க எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாம படிக்கும்போது தான் அந்த கேள்விக்கு கனம் இருக்கு. பிஷப் கதைய முதல்லயே படிச்சவனுக்கு விடை முன்னாடியே கையில குடுத்தாச்சு.

குறையும் சொல்லணும், மறைக்க வேண்டியதில்ல. ஏஞ்சலினா ஏன் இப்படி ஆனான்னு நாவல் சொல்ற காரணம் எனக்கு ஒட்டவே இல்ல. சின்ன வயசுல அவ அழகில்லாம இருந்தா, ஆபரேஷன் பண்ணி அழகாக காசுக்காக குத்தம் பண்ண ஆரம்பிச்சா, உடம்பு மாறிச்சு மனசு அப்படியே நின்னுடுச்சுங்கிறாரு. 1961ல ஒரு ஆம்பள எழுத்தாளருக்கு அது போதுமான காரணமா தெரிஞ்சிருக்கலாம், இன்னைக்கு படிக்கிற பொண்ணுங்களுக்கு கோவம் வரும், வரணும். அப்புறம் அவள சிகிச்சை குடுத்து திருத்துறதா வர்ற இடமும் அப்படித்தான். ஆனா அடுத்தடுத்த புக்குல ஏஞ்சலினா வெறும் பொண்டாட்டியா சுருங்கல, சண்டைனா முன்னாடி நிக்கிறது அவதான், ஜிம் கொல்ல மாட்டேன்னு சொல்றப்ப நான் பாத்துக்கவான்னு கேக்குற பொண்ணு. அந்த ஜோடிக்காகவே நான் பின்னாடி வர்ற புக்க எல்லாம் மன்னிச்சு படிச்சேன்.

அந்த வாசல் வழியா போனா அடுத்து என்ன கிடைக்கும்னும் சொல்லிடுறேன். 1970 நாவல்ல ஒரு நல்ல யோசனை இருக்கு, ஒரு கிரகம் இன்னொரு கிரகத்த படையெடுத்து பிடிக்கிறதுங்கிறது நடக்கவே முடியாத காரியம், தூரமும் செலவும் அப்படின்னு எல்லாரும் நம்புறாங்க, ஆனா கிளியாண்ட்னு ஒரு கிரகம் வரிசையா பிடிச்சுக்கிட்டே போகுது, எப்படின்னு பாக்க ஜிம் அவங்க படைக்குள்ளயே போய் சேந்துடுறான். அதுலதான் ரெட்டைப் புள்ளைங்களும் பொறக்குது. 1972ல வந்தது தான் சீரிஸ்லயே என் மனசுக்கு நெருக்கமானது. இன்ஸ்கிப் ஜிம்ம கூப்பிட்டு வச்சு திட்டிட்டு இருக்காரு, திட்டிட்டு இருக்கும்போதே ஆள் கரைஞ்சு காணாம போயிடுறாரு, ஏன்னா யாரோ காலத்துல பின்னாடி போயி வரலாற்றையே திருத்துறாங்க. ஏஞ்சலினாவும் அப்படியே போயிடுறா. ஜிம் 1975 வருஷத்து பூமிக்கு வர்றான், கடைசில நெப்போலியன் பிரிட்டன பிடிச்சுட்ட ஒரு லண்டன் வரைக்கும் போக வேண்டியிருக்கு. வேகம்னா வேகம், மூச்சு விட நேரம் குடுக்க மாட்டாரு. பொண்டாட்டி இருந்தான்னு ஞாபகம் வச்சிருக்குற ஒரே ஆளு தான் மட்டும் தாங்கிற நெலமைல அவன் ஓடுற ஓட்டம், சிரிப்புக்கு அடியில ஒரு பயம் இருந்துக்கிட்டே இருக்கும்.

1978ல கொழகொழன்னு வழியுற வேற்றுக்கிரகவாசிங்க வர்றாங்க, மனுஷன் காய்ஞ்சு போயி இருக்குறதால அவங்க கண்ணுக்கு நாம அவலட்சணம். ஜிம் அவங்கள மாதிரியே ஒரு வேஷம் கட்டிட்டு உள்ள போறான், அந்த வேஷம் அவங்க கண்ணுக்கு பேரழகியா தெரிஞ்சுடுது, இவன் பின்னாடியே சுத்துறாங்க. 1982 நாவல் ஒரு சர்வாதிகாரிய எதிர்த்து எலெக்‌ஷன்ல நிக்கிறது, எதிரி ஓட்டுப் பெட்டில தில்லுமுல்லு பண்ணா இவன் அதுக்கு மேல பண்ணுவான். ஹாரிசன் மெக்சிகோல குடியிருந்த மனுஷன், அந்த ஊர் வாசனை அந்த கிரகத்துல அடிக்கும். அங்க ஜனங்க பேசுற பாஷை எஸ்பெரான்டோ, எல்லா நாட்டுக்காரங்களும் பேசிக்கிறதுக்காக செயற்கையா உருவாக்கின பாஷை, அது ஹாரிசன் நிஜ வாழ்க்கைலயும் கத்துக்கிட்டு ஊரெல்லாம் பரப்பின பாஷை.

1985 வாசல்ல போனா பின்னாடி கிடைக்கிறது என்னன்னா 1987 நாவல், கிழவர் சாவுக்கு காரணமானவன தேடிப்போயி ஜிம் பட்டாளத்துல மாட்டிக்கிறது. ஹாரிசன் ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க விமானப்படைல வேலை பாத்தவரு, ராணுவத்து மேல அவருக்கு இருந்த வெறுப்பு ஒவ்வொரு பக்கத்துலயும் தெரியும். ஆயுதமே எடுக்காத ஒரு ஜனங்க மேல அந்த பட்டாளம் படையெடுக்குது, அவங்க சண்டையே போட மாட்டேங்கிறாங்க, வந்த சிப்பாய்க்கு சாப்பாடு போட்டு நம்மகூடவே இருந்துடுன்னு சொல்றாங்க, சிப்பாய்ங்க ஒவ்வொருத்தரா நழுவிடுறாங்க. ரொம்ப நல்ல பகுதி அது. 1994ல வந்த பாட்டு பேண்ட் கதை எனக்கு சுமார் தான், ஜிம் உடம்புல முப்பது நாள்ல கொல்ற விஷம் ஏத்திட்டு அனுப்புறாங்க, ஐடியா நல்லா இருக்கு, கதை அலையுது.

கடைசியா வந்த மூணும், அதாவது நரகம், சர்க்கஸ், அப்புறம் 2010ல வந்தது, எந்த வாசல்ல போனாலும் கடைசில வச்சுக்குங்க, பாசத்துக்காக படிக்கலாம். 2010 புக்குல பழைய ஊர்க்கார சொந்தக்காரங்க பார்க்யூஸ்வைன் மந்தையோட ஜிம்மோட பணக்கார வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க, 1985 புக்கு படிச்சவனுக்கு தான் அது இனிக்கும்.

இப்ப சந்து வழி. முழு நாவலுக்கு நேரம் இல்ல, பிடிக்குமா பிடிக்காதான்னு பாக்கணும்னா, அந்த போர்க்கப்பல் கதை 1960 ஏப்ரல்ல அஸ்டவுண்டிங் பத்திரிகைல தனிச் சிறுகதையா வந்தது, ப்ராஜெக்ட் குட்டன்பர்க்ல இலவசமாவே கிடைக்குது, போன்லயே ஒரு மணி நேரத்துல படிச்சிடலாம். ஆனா பெட்டி விழுற சீன் அதுல இல்ல, அது 1957ல வந்த வேற சிறுகதை, ரெண்டையும் சேத்து வளத்து தான் நாவல் ஆக்கினாரு. அதனால ருசி பாக்க ஓகே, வாசலா சொல்ல மாட்டேன்.

இன்னொரு சந்து காமிக்ஸ். பிரிட்டன்ல 2000 ஏடின்னு வாரப் பத்திரிகை, அதுல 1979ல இருந்து முதல் நாவல், காலப்பயண நாவல், எலெக்‌ஷன் நாவல் மூணையும் படக்கதையா போட்டாங்க, வரைஞ்சது கார்லோஸ் எஸ்குவெரா, ஜட்ஜ் ட்ரெட்ங்கிற காமிக்ஸ் ஹீரோவ உருவாக்கினதுல ஒரு கை. ஜிம் மூஞ்சிய நடிகர் ஜேம்ஸ் கோபர்ன் சாயல்ல வரைஞ்சிருப்பாரு, அந்த பல்லு தெரியுற சிரிப்போட. நம்மள்ல லயன் காமிக்ஸ்ல குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர் படிச்சு வளந்தவங்களுக்கு இந்த வழி ரொம்ப சுலபமா இருக்கும், ஸ்பைடரும் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைல 1965ல பொறந்த ஆளு, அவனும் கொள்ளைக்காரனா ஆரம்பிச்சு நல்லவன் பக்கம் தாவினவன். ஆனா ஸ்பைடருக்கு கர்வம் உண்டு, நகைச்சுவை கிடையாது. ஜிம்முக்கு ரெண்டும் உண்டு. காமிக்ஸ்ல குறை என்னன்னா ஜிம் தன் வாயால சொல்ற கதை இது, அந்த குரல் தான் பாதி சொத்து, படக்கதைல அது கட்டத்துக்குள்ள அடங்கிப்போயிடுது.

அதனால மருமவனுக்கு நான் சொன்னது இது தான். 1961ல உள்ள போ, 1970, 1972 மூணையும் ஒரே மூச்சுல படி, முடிஞ்சா 1982 வரைக்கும் போ. அப்புறம் நிறுத்திட்டு 1985க்கு திரும்பு. அந்த நேரத்துல ஜிம் உனக்கு பழகின ஆளு, அவன் பீத்தல், அவன் பயம், கொல்ல மாட்டேங்கிற பிடிவாதம் எல்லாம் தெரியும், அப்ப அந்த கிழவர் அந்த பையனுக்கு சொல்லிக் குடுக்குற ஒவ்வொரு வார்த்தையும் எங்க போய் சேர்ந்துச்சுன்னு உனக்கு தெரியும், கிழவர் சாகுறப்ப அந்த பையனுக்காக மட்டும் இல்லாம முழு ஆளான அந்த ஜிம்முக்காகவும் சேத்து உனக்கு தொண்டை அடைக்கும். இத நான் தலைகீழா படிச்சு இழந்தேன், நீ இழக்காத.

விதிவிலக்கு ஒண்ணு உண்டு. பன்னெண்டு பதிமூணு வயசு பிள்ளைக்கு குடுக்குறீங்கன்னா 1985ல ஆரம்பிக்க விடுங்க, ஹீரோவும் அவங்கள விட கொஞ்சம் தான் பெரியவன், ஏஞ்சலினாவோட கொலைகளையும் அந்த அழகு அவலட்சண விளக்கத்தையும் அந்த வயசுல தனியா படிக்க வேண்டாம், பக்கத்துல உக்காந்து பேச ஆள் இருந்தா வேற விஷயம்.

மருமவன் ஊருக்கு போறப்ப 1961 புக்க பைல வச்சுட்டு போனான். நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ், மாமா போர்க்கப்பல் கிடைச்சுடுச்சு, ஆனா இந்த ஏஞ்சலினா மேல எனக்கு டவுட்டா இருக்கு, சொல்லிடாதீங்கன்னு. நான் பதில் போடல.